புல்லைத் தின்று கோழி வளருமா?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் பாட்டி கோழி வளர்த்தார். காலையில் லயத்து வீட்டுக்குப் பின்னால் கூட்டைத் திறந்துவிட்டால் கோழிகள் ரப்பர் மரங்களுக்கு நடுவே போய்விடும். மாலையில் ஒரு பிடி அரிசிக் குருணையும் மிஞ்சிய சோறும் போடுவார். தீவன மூட்டை எதுவும் அந்த வீட்டுக்கு வந்ததில்லை.

அதை நம்பி, சில ஆண்டுகளுக்கு முன் ஈப்போவில் வீட்டுக்குப் பின்னால் 12 பிராய்லர் குஞ்சுகளைப் புல்லில் விட்டேன். தீவனத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ இருக்க வேண்டிய கோழிகள் ஒரு கிலோகூடத் தேறவில்லை. அவை மேயவும் இல்லை. காலித் தட்டைச் சுற்றியே உட்கார்ந்திருந்தன. அறிவியல் ஆசிரியருக்கு இது கொஞ்சம் அவமானம்தான்.

மாணவர்களே, இரண்டாம் படிவத்தில் மனிதனின் செரிமான மண்டலத்தைப் படிக்கிறீர்கள். கோழிக்குப் பல் இல்லை. விழுங்கியது முதலில் தீனிப்பையில் ஊறும். பிறகு இரைப்பையைத் தாண்டி, தசையாலான அரைவைப்பைக்குப் போகும். அங்கே கோழி விழுங்கிய சிறு கற்கள் அதை அரைக்கும். ஆனால் புல்லில் உள்ள செல்லுலோஸை அரைத்தால் மட்டும் போதாது, உடைக்கவும் வேண்டும். மாட்டின் பெரிய வயிற்றில் நுண்ணுயிரிகள் நாள் முழுக்க அந்த வேலையைச் செய்கின்றன. கோழிக்கோ குடலின் கடைசியில் இரண்டு சிறு பைகள்தான் உண்டு. அதோடு, பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். தீனிப்பை நிறையும், சத்து சேராது.

அப்படியானால் பாட்டியின் கோழிகள் எதைத் தின்றன? சருகைக் கிளறிக் கரையான், மண்புழு, கரப்பான், விதை ஆகியவற்றைத் தின்றன. தீவன மூட்டையில் சோளம் ஆற்றலையும் சோயா புரதத்தையும் தருகின்றன. ஆனால் இவை இரண்டிலும் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் போதாது. அதனால் ஆலையில் அதைத் தனியாகச் சேர்க்கிறார்கள். பூச்சிகளிலும் புழுக்களிலும் அது உண்டு. ஆக, நிலம் தருவது முக்கியமாகப் புரதமும் வைட்டமின்களும். ஆற்றலுக்குப் பாட்டியின் குருணை இருந்தது.

மூட்டையில் உள்ள சோளமும் சோயாவும் பெரும்பாலும் அர்ஜென்டினா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகின்றன. வளர்ப்புச் செலவில் சுமார் 70 விழுக்காடு தீவனம்தான். உக்ரேன் போரில் தானிய விலை ஏறியபோது, 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியையே நிறுத்தியது நினைவிருக்கலாம்.

சரி, நாட்டுக்கோழியை மேயவிட்டால் மிச்சமா? கணக்குப் போடுவோம். பிராய்லர் ஒரு கிலோ எடை கூட, சுமார் 1.6 கிலோ தீவனம் வேண்டும். மெதுவாக வளரும் நாட்டுக்கோழிக்கு 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது மூன்றில் ஒரு பங்கைத் தானே தேடிக்கொண்டாலும், நாம் வாங்க வேண்டியது கிலோவுக்கு 2 கிலோ. பிராய்லரைவிட அதிகம்! பாதியைத் தேடிக்கொண்டால்தான் 1.5 கிலோவாக இறங்கும். நாட்டுக்கோழி கூடுதல் விலைக்குப் போவது ஒரு கைகொடுப்பு. ஆனாலும் தீவனத்தை மிச்சப்படுத்துவது கோழியின் தேடும் திறனும் நிலத்தின் பரப்பும்தான். பாட்டியின் பத்துப் பதினைந்து கோழிகளுக்கு ஏக்கர் கணக்கில் ரப்பர் நிலம் இருந்தது. அதே இடத்தில் ஐந்நூறு கோழிகளை விட்டால், கரையான் சில நாளில் தீர்ந்துவிடும்.

தேடும் திறன் மரபிலேயே வருகிறது. வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி நம் காடுகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் இன்னும் கிளறித் தின்கிறது. பிராய்லரோ வேகமாக எடை கூடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நாளுக்கு 50 கிராம் எடை கூடும் உடம்புக்குப் புழு தேட நேரமும் இல்லை, கால் பலமும் இல்லை. அமெரிக்காவில் ஜோயல் சலாட்டின் அடிப்பாகம் இல்லாத கூண்டுகளைத் தினமும் புதுப் புல்லுக்கு நகர்த்தி இறைச்சிக் கோழி வளர்ப்பதற்குப் பெயர் பெற்றவர். அவரும் தானியத் தீவனத்தை நிறுத்தவில்லை.

தமிழ்நாட்டில் கரையானை வளர்த்தே குஞ்சுகளுக்குக் கொடுக்கிறார்கள். மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை போட்டு நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் பானைக்குள் கரையான் மொய்த்திருக்கும். பலகை வீட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்!

இன்னொரு எச்சரிக்கை. தோட்டத்தில் சும்மா கிடக்கிறதே என்று ரப்பர் கொட்டையை இடித்துப் போடக் கூடாது. அதிலும் மரவள்ளி இலையிலும் சயனைடை வெளிவிடும் சேர்மம் உண்டு. மரவள்ளி இலையை நறுக்கி வெயிலில் நன்றாகக் காயவைத்தால் நஞ்சு பெருமளவு குறையும். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை சுமார் 26 பாகை செல்சியஸ்தான் என்பதால் ஈப்போ வெயிலில் அது ஆவியாகிப் போகும். அப்படிக் காய்ந்த இலையையும் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும்.

இப்போது என் வீட்டில் ஏழு நாட்டுக்கோழிகள். ஞாயிறுதோறும் கோழிகளையும் மிஞ்சிய தீவனத்தையும் நிறுத்துக் குறித்து வைக்கிறேன். மழை பெய்து ஈசல் பறந்த வாரங்களில் தட்டில் மிச்சம் இருக்கிறது. வெயில் வாரங்களில் தட்டைத் துடைத்து வைக்கின்றன.