மருந்துச் சீட்டுக்கு அப்பால்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சயரோகத்தைத் தீர்க்கும் மருந்து இருக்கவில்லை. ஓய்வு, நல்லுணவு, தூய காற்று என்பனவே சிகிச்சையாய் இருந்தன. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள மசாச்சுசெற்ஸ் பொது வைத்தியசாலைக்கு வந்த ஏழைகளுக்கும் இதுவே விதிக்கப்பட்டது. ஆனால் நாட்கூலியை நம்பி வாழும் தொழிலாளி எவ்வாறு ஓய்வெடுப்பான்? சாளரமில்லாத ஒற்றையறையில் ஐவரோடு உறங்குபவன் தூய காற்றுக்கு எங்கே போவான்? வைத்தியர் கூறியதிற் பிழையில்லை. ஆயினும் அக்கூற்று நோயாளியின் வாசற்படியைத் தாண்டவில்லை.

இக்குறையை உணர்ந்தவர் அங்கு பணியாற்றிய டாக்டர் றிச்சட் கபொற். நோயாளியின் வீட்டையும் தொழிலையும் கவலையையும் அறியாத வைத்தியம் நிறைவு பெறாது என்பது அவர் கருத்து. 1905ஆம் ஆண்டில் கானெற் பெல்ரன் என்னும் தாதியை அவர் இப்பணிக்கு அமர்த்தினார். வெளிநோயாளர் பகுதியின் நடைவழியில் ஒரு மூலையே அவருக்குக் கிடைத்த காரியாலயம். சில மாதங்களிற் பெல்ரன் நோயுற்று விலக நேர்ந்தது. அப்பணியை வளர்த்தெடுத்தவர் ஐடா கனன்.

1877இல் மில்வோக்கி நகரிற் பிறந்த கனன், தாதியாகப் பயின்றவர். சமூகத் தொண்டர் ஜேன் அடம்ஸ் ஆற்றிய சொற்பொழிவொன்று அவரது மனத்தைத் திருப்பிற்று. செயின்ற் போல் நகரில் ஏழைகளின் இல்லங்களுக்குச் சென்று நோயாளரைப் பராமரித்தார்; பின்னர் பொஸ்ரனிற் சமூகசேவைக் கல்வி கற்றார். நோயின் இயல்பையும் வறுமையின் இயல்பையும் ஒருங்கே அறிந்தவராய் 1906இல் வைத்தியசாலைப் பணியிற் சேர்ந்தார்.

நோயாளியின் குடும்ப நிலையை வினவுவது அக்காலத்திற் புதியதன்று. லண்டனில் றோயல் பிறீ வைத்தியசாலை 1895இலேயே மேரி ஸ்ருவேட் என்பவரை நியமித்திருந்தது. இலவச வைத்தியத்துக்கு உரியவர் யார், பணம் செலுத்த வல்லவர் யார் என ஆராய்வது அவரது கடமைகளுள் ஒன்று. "உமது வருமானம் என்ன?" என்னும் வினா நோயாளிக்குக் கதவை அடைக்கவும் கூடும், கதவைத் திறக்கவும் கூடும். கேட்பவரின் நோக்கமே அதனைத் தீர்மானிக்கின்றது. சமூகசேவையாளரின் பயிற்சி முழுவதும் இந்த வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது.

உதாரணமாக, அறுவைச் சிகிச்சைக்கு உடன்படாத தாயொருத்தியைப் பிடிவாதக்காரி என ஒதுக்கிவிடலாம். பொறுமையுடன் செவிமடுத்தாலோ, வீட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்ற செய்தி வெளிப்படலாம். பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாப்பு அமைந்தபின் அவளது முடிவு மாறவும் கூடும். அவ்வாறு மாறினும் அம்முடிவு அவளுடையதாகவே இருத்தல் வேண்டும். சமூகசேவையாளர் கட்டளையிடுவதில்லை, வழிகளைக் காட்டி, தெரிவை உரியவரிடமே விடுகின்றார். நம்பிக் கூறப்பட்ட இரகசியத்தைக் காக்கின்றார். அவளது சம்மதத்துடன், சிகிச்சைக்கு வேண்டியதை மாத்திரம் வைத்தியருக்கு அறிவிக்கின்றார்.

கனன் 1913இல் வைத்தியசாலைச் சமூகசேவை பற்றி நூலொன்று வெளியிட்டார். நடைவழி மூலையில் தொடங்கிய பணியை 1919இல் வைத்தியசாலை தனது பகுதியாகவே ஏற்றுக்கொண்டது. 1945இல் ஓய்வுபெறும் வரை அவர் அங்கேயே உழைத்தார்.

இன்று அமெரிக்காவில் இத்தொழிலைத் தனித்து நடத்த விரும்புவோர் முதுகலைப் பட்டம் பெற்று, அனுபவமிக்கோரின் மேற்பார்வையிற் பணியாற்றி, மாநிலத்தின் அனுமதிப்பத்திரமும் பெறவேண்டும். மனத்துயருற்றோருக்கு உரையாடல்வழிச் சிகிச்சை அளிப்பதும் அவர்தம் பணியாகியுள்ளது. கல்வியும் சட்டமும் வளர்ந்துள்ளன. எனினும் எதிரே அமர்ந்திருப்பவரின் நம்பிக்கையை எந்தப் பத்திரமும் பெற்றுத்தராது. ஒவ்வொரு நோயாளியிடமும் அதனைப் புதிதாகவே ஈட்டவேண்டியிருக்கின்றது.