மல்லாக்கப் படுக்க வைத்தால் புரையேறுமா?

பிரசவம் முடிந்து வீடு திரும்பும் தாய்மார்களிடம் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்குமாறு நாங்கள் கூறும்போது, உடனிருக்கும் பாட்டிமார்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "கக்கிய பால் புரையேறிவிடாதா?" அச்சம் நியாயமானதே. ஆனால் உடலின் அமைப்பு வேறுவிதமாக உள்ளது.

குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும், உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் இருக்கின்றன. வயிற்றிலிருந்து எதிர்த்து வரும் பால், தாழ்வாக உள்ள உணவுக்குழாய்க்கே திரும்பிவிடும். மூச்சுக்குழாய்க்குள் நுழைய அது மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுக்கும்போது இந்நிலை தலைகீழாகிறது. அத்துடன், குப்புறப் படுத்த குழந்தை தான் வெளிவிட்ட காற்றையே மீண்டும் சுவாசிக்க நேரிடலாம். மூச்சுக்குத் தடை ஏற்பட்டால் விழித்துக்கொள்ளும் திறனும் குறைகிறது. ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் பாதுகாப்பன்று; எளிதில் குப்புறக் கவிழ்ந்துவிடும்.

நலமாக இருந்த குழந்தை உறக்கத்திலேயே இறந்து, முழுமையாக ஆராய்ந்தும் காரணம் புலப்படாத நிலையைத் திடீர்ச் சிசு மரணம் என்கிறோம். முதல் 6 மாதங்களில், குறிப்பாக 2 முதல் 4 மாதங்களுக்குள், இது மிகுதி. அமெரிக்காவில் 1994-இல் மல்லாக்கப் படுக்க வைக்கும் பிரசாரம் தொடங்கியபின், சில ஆண்டுகளிலேயே இம்மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மருந்தோ கருவியோ இன்றிக் கிடைத்த பலன் இது.

குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தையைச் சில வேளைகளில் குப்புறப் படுக்க வைத்திருந்ததைக் கண்டிருப்பீர்கள். அங்கே இதயத்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் கருவிகள் இடையறாது கண்காணிக்கின்றன. வீட்டில் அவ்வாறு இல்லை. இக்குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல் என்பதால் அதனைப் பின்பற்ற வேண்டாம்.

பழஞ்சேலைத் தூளியில் உறங்காத குழந்தை நம் ஊரில் அரிது. ஆயினும் துணி தொய்ந்து வளைவதால் குழந்தையின் முகவாய் மார்பில் அழுந்தி மூச்சுப்பாதை குறுகலாம். முகத்தை மூடும் துணியை விலக்கப் பிஞ்சுக் கைகளுக்கு வலுவில்லை. தூளியில் கண்ணயர்ந்த குழந்தையை எடுத்து, சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள். தலையணை, பொம்மை, தளர்ந்த போர்வை எதுவும் உடன் வேண்டாம். தலை உருண்டையாக அமைவதற்கெனக் கடுகுத் தலையணையும் தேவையில்லை. விழித்திருக்கும் வேளையில், பெரியவர் அருகிலிருக்க, சிறிது நேரம் குப்புறக் கிடத்தினால் தலையின் பின்புறம் தட்டையாவது குறையும், கழுத்தும் வலுப்பெறும்.

தாயும் சேயும் ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்தில், தனித்தனிப் படுக்கையில் உறங்குவது நன்று. தாய்ப்பால் இவ்வாபத்தைக் குறைக்கிறது. புகையிலைப் புகை கூட்டுகிறது. தந்தையர் இவ்வரியைத் தவறாமல் படிக்க வேண்டும். இரவில் சோபாவில் அமர்ந்து பாலூட்டியபடியே உறங்கிவிடுவது மிகவும் ஆபத்தானது.

குழந்தை இருபுறமும் தானாகவே புரளத் தொடங்கியபின், உறக்கத்தில் குப்புறத் திரும்பினால் ஒவ்வொரு முறையும் எழுந்து மாற்ற வேண்டியதில்லை. உறங்க வைக்கும்போது மல்லாக்க வைத்தால் போதும். ஓராண்டு நிறையும் வரை இதனைத் தொடருங்கள். உதடுகள் நீலம் பாய்ந்தாலோ மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ, விடியட்டும் எனக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.