ஜன்னல் மாற்றப் போறீங்களா? இடைவெளியைக் கவனிங்க!

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். கரையான் அரித்த மர ஜன்னலை மாற்ற நினைப்பவர்கள் அதற்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

யுபிவிசி ஜன்னலைக் கரையான் அரிக்காது, துருவும் ஏறாது. ஸ்லைடிங் வகையில் பாதி அகலம்தான் திறக்கும். நல்லா காத்து வேணும்னா கதவு போலத் திறப்பதே மேல்.

புது ஜன்னல் போட்டும் தண்ணீர் உள்ளே வருதா? பெரும்பாலும் ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் காரணம். அகலம், உயரம் இரண்டையும் மூன்று மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். எந்தச் சுவரும் நூல் பிடித்த மாதிரி இருக்காது. வருவதில் சிறிய அளவே கணக்கு. ஃபிரேம் அதைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும். அந்த இடைவெளியைச் சிலிக்கான் சீலன்ட்டால் அடைக்கணும். வெறும் சிமென்ட் பூச்சு நாளடைவில் விரிசல் விடும். ஸ்லைடிங் டிராக்கில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கும். பூச்சு வேலையில் அவை அடைபட்டுவிடாமல் பாருங்கள். பாக்கிப் பணம் கொடுக்கும் முன், வெளியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்துடுங்க.

குழந்தைகள் உள்ள மாடி வீடு என்றால், கழற்றிய கிரில்லை அன்றைக்கே மாட்டியாக வேண்டும். இதில் சமாதானம் வேண்டாம்.

அளவு, கண்ணாடியின் தடிமன், உத்தரவாதம் மூன்றும் எழுதிய ரசீது இல்லாமல் முன்பணம் தராதீர்கள். தகராறு வந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் உங்கள் செல்போனிலிருந்தே புகார் தரலாம்.