குருதி கூறும் சாட்சி

சாராயத்தை எதிர்த்துப் பெண்கள் நடத்திய போராட்டத்தின் பயனாக, ஹைதராபாத்தைத் தலைநகராகக் கொண்ட அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் 1995இல் மதுவிலக்கு வந்தது, 1997இல் தளர்ந்தது. குடியை மருத்துவரிடமும் மறைப்போர் இன்றும் நம்மிடையே உளர். மூச்சில் மணம் சில மணி நேரமே நிற்கும். குருதியோ வாரக்கணக்கில் சாட்சி கூறும்.

நெடுநாள் மிகுதியாகக் குடிப்போரின் சிவப்பணுக்கள் பருத்துவிடுவதுண்டு. அவை ஏறத்தாழ 120 நாள் வாழ்வன; ஆதலின் குடியை விட்டபின்னும் அவை சீர்படத் திங்கள் சில செல்லும். காமா குளூட்டமைல் டிரான்ஸ்பெரேஸ் என்னும் நொதியும் உயரும். எனினும் இவ்விரண்டும் பிற நோய்களாலும் நேரலாம். மது உட்சென்றாலன்றித் தோன்றாத பாஸ்பாடிடைல் எத்தனாலே உறுதியான சான்று.

இச்சோதனை பழிதூற்றுவதற்கன்று, ஈரல் கெடுமுன் காப்பதற்கே என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.