இராவணன் மீசை

நம் லிங்கராஜபுரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்குக் கடற்கரை என்பது விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது காணும் காட்சியே ஆகும். அங்கே மணலில் ஓடும் அவர்தம் காலைக் குத்தும் புல் ஒன்று உண்டு. விறைத்து, முனை கூர்த்து நிற்கும் அதனைக் கடற்கரை மக்கள் ‘இராவணன் மீசை’ என்பர். தாவர நூலார் இட்ட பெயர் ஸ்பினிபெக்ஸ் லிட்டோரியஸ். தமிழகத்திலும் இலங்கையிலும் மட்டுமன்றி, கிழக்கே தென்சீனக் கரை வரையிலும் இது வளர்கின்றது.

சுடுமணலும் உப்புக் காற்றுமே இதன் வாழிடம். தண்டு மணல்மீது நெடுந்தூரம் படர்ந்து, கணுத்தோறும் வேரூன்றும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் கதிர் முட்பந்து போல் திரண்டு, முற்றியதும் கழன்று, காற்றில் உருண்டோடி விதைகளைச் சிதறும்.

இப்புல் ஆற்றும் தொண்டு பெரிது. காற்று வாரிவரும் மணல் இதில் தடைப்பட்டு வீழ்கின்றது. புதையுண்ட புல் மணலுக்கு மேல் மீண்டும் தலைநீட்டுகின்றது. மீண்டும் மணல் சேர்கின்றது. சங்கப் பாடல்கள் கூறும் அடும்பங்கொடியும் இதற்குத் துணை நிற்கும். இவ்வாறே மணல்மேடுகள் எழுகின்றன. மழைநீர் அவற்றில் இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராய்த் தங்குகின்றது.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, மணல்மேடு உயர்ந்திருந்த சில இடங்களில் பின்புறத்து ஊர்கள் பெருஞ்சேதத்திலிருந்து தப்பின. அதன் பின்னரும், சவுக்கு நடுவதற்காகச் சில இடங்களில் மேடுகள் சமப்படுத்தப்பட்டமை வருந்தத்தக்கது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் பற்றி மைய அரசு 2011-இலும் 2019-இலும் வெளியிட்ட அறிவிக்கைகள் மணல்மேடுகளைக் காக்கப்பட வேண்டியவற்றுள் சேர்த்துள்ளன. எனினும், கரையைத் தூய்மை செய்வதாக எண்ணி முட்புல்லைக் களைவதும், மேட்டின்மீது வண்டி ஓட்டுவதும், மணல் அள்ளுவதும் அம்மேடுகளைச் சிதைக்கும் செயல்களேயாம்.

நம்மில் சிலருடைய உற்றார் இன்றும் கரையோரச் சிற்றூர்களில் வாழ்கின்றனர். அவர்தம் வீட்டிற்கும் கிணற்றிற்கும் அரண் அம்மணல்மேடே. அடுத்த முறை அங்குச் செல்லும்போது, புல்லை மிதியாது ஒதுங்கி நடக்க நம் சிறுவர்க்குப் பழக்குவோம். உருண்டோடும் முட்பந்தைக் காட்டி, அதன் பெயரையும் பணியையும் தமிழில் சொல்லிக் கொடுப்போம்.