பத்திரமில்லாப் பிள்ளைகளும் பல்கலைக்கழகப் படிப்பும்



பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய தாய்மார்களை நம் தோட்டப்புறங்களில் எல்லாருக்கும் தெரியும். நாடு 1957-இல் சுதந்திரம் பெற்ற பின்னரும் சிவப்பு அடையாள அட்டையோடே காலம் கழித்த பெரியவர்களையும் நாம் அறிவோம். ஆகையால், இன்று நான் சொல்லப்போவது தூரதேசத்துச் செய்தியானாலும் உங்களுக்குப் புரியாத செய்தியாக இராது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் திராட்சை பறிப்பவர்களிலும் தக்காளி பறிப்பவர்களிலும் மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் பலர். அவர்களில் பெருந்தொகையினருக்கு அந்நாட்டில் தங்குவதற்கான பத்திரம் கிடையாது. அவர்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த குழந்தை அங்கேயே வளர்கிறது, அங்குள்ள மொழியையே பேசுகிறது. ஆனால் அதற்கும் பத்திரமில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளைச் 'சட்டவிரோதப் பிள்ளைகள்' என்று சொல்வாரும் உண்டு. பிள்ளையை அப்படி அழைப்பது எனக்கு ஒப்பவில்லை. பத்திரமில்லாப் பிள்ளைகள் என்றே சொல்கிறேன்.

முதலில் பள்ளிக்கூடக் கதையைப் பார்ப்போம். டெக்சஸ் மாநிலத்தில் டைலர் என்றோர் ஊர். ரோஜாத் தோட்டங்களுக்குப் பேர்போனது. பத்திரமில்லாப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் கிடையாது என்று அம்மாநிலம் 1975-இல் சட்டம் செய்தது. 1977-இல் டைலர் பள்ளி நிர்வாகம், இத்தகைய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஆயிரம் அமெரிக்க வெள்ளி கட்டவேண்டும் என்றது. கூலி வேலை செய்கிறவர்கள் எங்கே போவார்கள்? நான்கு குடும்பங்கள் துணிந்து வழக்குத் தொடுத்தன. அவர்கள் யாருடைய கண்ணிலும் படாமல் வந்து போகவேண்டும் என்பதற்காக நீதிபதி விசாரணையை விடியற்காலை ஆறு மணிக்கு வைத்தார். அன்றே பிடித்து நாடு கடத்திவிடுவார்களோ என்று பயந்து, வீட்டுச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டே நீதிமன்றத்துக்கு வந்தார்களாம். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1982 ஜூன் 15-இல் ஒன்பது நீதிபதிகளில் ஐவர் பிள்ளைகளின் பக்கம் தீர்ப்பளித்தனர். அன்று முதல் அந்நாட்டின் அரசாங்கப் பள்ளி எதுவும் பத்திரமில்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஆனால் அந்தத் தீர்ப்பு பள்ளி வாசலோடு நின்றுவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை. பதினாறு, பதினேழு வயதில் கூடப் படித்தவர்கள் கார் ஓட்ட உரிமம் எடுக்கிறார்கள். கல்லூரி உதவிப் பணத்துக்கு மனுப் போடுகிறார்கள். மனுவில் ஓர் அரசாங்க எண்ணைக் கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டால் அம்மா தலைகுனிகிறாள். தனக்குப் பத்திரமில்லை என்பதைப் பல பிள்ளைகள் அன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

கலிபோர்னியாவின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் உள்மாநிலத்தாருக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு வேறு கட்டணம். பெரிய பல்கலைக்கழகங்களில் வெளியார் கட்டணம் மூன்று மடங்குக்கும் மேல். அங்கேயே வளர்ந்த பத்திரமில்லாப் பிள்ளையை வெளியாராகவே கணக்குப் பண்ணினார்கள். 2001-இல் வந்த சட்டம் ஒன்று இதை மாற்றியது. அம்மாநிலத்தில் மூன்றாண்டு உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறியவர் யாராயினும் உள்மாநிலக் கட்டணம் கட்டினால் போதும் என்றாயிற்று.

நல்ல சட்டந்தான். ஆனால் குறைந்த கட்டணமும் கூலிக்காரருக்குப் பெரும் பணமல்லவா? மத்திய அரசின் உதவிப் பணமோ படிப்புக் கடனோ இவர்களுக்குக் கிடையாது. கல்லூரியிலேயே பகுதிநேர வேலை பார்த்துச் சம்பாதிக்கலாம் என்றால், வேலை அனுமதி இல்லாதவர் என்று தெரிந்தே வேலை கொடுப்பது 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இன்னொரு விசித்திரத்தையும் கேளுங்கள். நல்ல மனிதர்கள் ஓர் அரசாங்கக் கல்லூரிக்கு நன்கொடை கொடுத்தால், அந்தப் பணத்திலிருந்துகூடக் கல்லூரி இப்பிள்ளைகளுக்கு உதவ முடியாத நிலை இருந்தது. அதை மாற்றும் சட்டம் 2011-இல் நிறைவேறி, 2012 ஜனவரியிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது.

இடைப்பட்ட அந்தப் பத்தாண்டுக் காலத்தைச் சமூகம்தான் தாங்கியது. பள்ளி ஆசிரியர்கள், தேவாலயங்கள், ஊர்க்காரர் சங்கங்கள் பணம் திரட்டினார்கள். சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கல்வியாளர்கள் 2006-இல் இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 'இமிகிரன்ட்ஸ் ரைசிங்' என்பது அதன் இன்றைய பெயர். சிறுபணம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் கட்டிய பங்குப் பணத்தைக் கொண்டுதானே தோட்டங்களையே வாங்கியது!

இந்த உதவிப் பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் பழைய தமிழில் இதை 'உபகாரச் சம்பளம்' என்போம். அமெரிக்காவில் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது அதில் உபகாரம் இருக்கலாம், சம்பளம் இருக்கக்கூடாது! செய்த வேலைக்குக் கூலியாகக் கொடுத்தால் கொடுப்பவரும் வாங்குபவரும் சட்டத்தில் மாட்டிக்கொள்வர். ஆகவே படிப்பதற்கும் பயிற்சி பெறுவதற்கும் ஆதரவு என்ற முறையில் கொடுக்கிறார்கள். முதலாளி, தொழிலாளி என்ற உறவே அதில் வருவதில்லை. மனுத்தாளில் அந்த அரசாங்க எண்ணைக் கேட்காமல், மதிப்பெண்ணையும், பிள்ளை தன்னைப்பற்றி எழுதிய கட்டுரையையும் பார்த்தே தேர்ந்தெடுக்கும் நிதிகள் உண்டு. பணத்தைவிடப் பெரிய உதவி, வழக்கறிஞரிடம் கூட்டிப்போய் இந்தப் பிள்ளைக்குப் பத்திரம் பெற வழியுண்டா என்று பார்ப்பதுதான் என்பேன். வழி இருந்தும் தெரியாமல் இருந்தவர்களும் உண்டு.

எல்லா மாநிலமும் கலிபோர்னியாவைப்போல் நடந்துகொள்ளவில்லை. ஜார்ஜியா மாநிலம் தன் முதன்மையான அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இவர்களைச் சேர்க்கக்கூடாது என்று 2010-இல் தடை விதித்தது. மறு ஆண்டே அங்குள்ள பேராசிரியர்கள் சிலர் 'ஃபிரீடம் யுனிவர்சிட்டி', அதாவது விடுதலைப் பல்கலைக்கழகம், என்ற பெயரில் இலவசமாகப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். பட்டம் கொடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆயினும் பிள்ளைகள் வந்து படித்தார்கள்.

2012-இல், சிறுவயதில் வந்தவர்களுக்கு ஈராண்டு வேலை அனுமதி தரும் திட்டமொன்றை அதிபர் ஒபாமா அறிவித்தார். 2021 ஜூலையில் நீதிமன்றம் புதியவர்களுக்கு அதை வழங்கத் தடை விதித்தது. டெக்சஸ் மாநிலமோ, 2001-இல் கலிபோர்னியாவுக்கும் முந்திக்கொண்டு உள்மாநிலக் கட்டணச் சலுகை தந்த மாநிலம். 2025 ஜூனில் மத்திய அரசு வழக்குப் போட, மாநில அரசு எதிர்த்து வாதாடாமல் அன்றே இணங்க, இருபத்து நான்கு ஆண்டுச் சலுகை ஒரே நாளில் போயிற்று. அங்கே பாதிப் படிப்பில் நின்றவர்களுக்கு மறுபடியும் தனியார் உதவியே கதி.

வேலை அனுமதியே இல்லையென்றால் படித்து என்ன ஆகப்போகிறது என்று பெற்றோர் கேட்கலாம். அமெரிக்காவிலும் கேட்டார்கள், நியாயமான கேள்வியே. செர்ஹியோ கார்சியா என்பவருடைய வழக்கு இதற்குப் பதில் போன்றது. மெக்சிகோவில் பிறந்தவர், தந்தை வயல் தொழிலாளி. மகனுக்காகத் தந்தை போட்ட மனுவைக் குடிநுழைவுத் துறை 1995-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் வரிசை நீளம் என்று விசா மட்டும் வரவில்லை. காத்திருந்த காலத்தில் மகன் கல்லூரி படித்தார், சட்டம் படித்தார், 2009-இல் வழக்கறிஞர் தேர்விலும் தேறினார். பத்திரமில்லாதவருக்கு வழக்கறிஞர் உரிமம் தரலாமா என்று நான்காண்டுகளுக்கு மேல் இழுபறி. கலிபோர்னியா சட்டமன்றம் 2013-இல் தனிச் சட்டமே செய்தது. 2014 ஜனவரி 2-ஆம் நாள் அம்மாநில உச்ச நீதிமன்றம், உரிமம் தரலாம் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அன்றைய தினத்திலும் அவருடைய விசா வரிசை நகர்ந்திருக்கவில்லை. பிறரிடம் சம்பளத்துக்கு அமர முடியாதவராகையால் தம் பெயரிலேயே அலுவலகம் திறந்து வழக்குகளை எடுத்து நடத்தினார்.