பின்ன அடுக்கு

இயற்கணிதத்தில் பின்ன அடுக்கு என்பது ஓர் எண்ணின் அடுக்கு முழு எண்ணாக இல்லாமல் பின்னமாக அமைவதைக் குறிக்கும். 9^(1/2), 32^(3/5) ஆகியவை எடுத்துக்காட்டுகள் (இங்கு ^ குறி அடுக்கைக் காட்டுகிறது). பின்ன அடுக்கும் மூலமும் ஒரே செயலின் இரு குறியீடுகளே: 9^(1/2) என்பது √9, 8^(1/3) என்பது ∛8.

வரையறையின் அடிப்படை

5³ என்பது மூன்று ஐந்துகளின் பெருக்கல். ஆனால் ஓர் எண்ணை "அரை முறை" பெருக்குவது என்பதற்குப் பொருள் இல்லை. எனவே பின்ன அடுக்கின் பொருள் அடுக்கு விதியிலிருந்து பெறப்படுகிறது. அடிமானம் ஒன்றாக இருந்தால், பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டவேண்டும்: 5² × 5³ = 5⁵. இவ்விதி பின்னங்களுக்கும் பொருந்த வேண்டுமெனில்,

9^(1/2) × 9^(1/2) = 9^(1/2 + 1/2) = 9¹ = 9

தன்னைத் தானே பெருக்கினால் 9 தரும் மிகை எண் 3. ஆகவே 9^(1/2) = 3. மாணவர் சிலர் எண்ணுவது போல இது 9-இன் பாதியான 4.5 அன்று. இவ்வாறே 8^(1/3)-ஐ மூன்று முறை பெருக்கினால் 8 கிடைக்க வேண்டும். எனவே அது 2.

கணக்கிடும் முறை

பின்னத்தின் பகுதி எத்தனையாவது மூலம் என்பதையும், தொகுதி எத்தனையாவது படி என்பதையும் காட்டும். 32^(3/5)-ஐ இரு வழிகளில் காணலாம்:

1. முதலில் மூலம்: 32-இன் ஐந்தாம் மூலம் 2; 2³ = 8.
2. முதலில் படி: 32³ = 32768; இதன் ஐந்தாம் மூலம் 8.

விடை ஒன்றே. எனினும் முதலில் மூலம் காண்பது எண்களைச் சிறிதாக வைத்திருக்கும். அடுக்கு குறை எண்ணானால் தலைகீழி எடுக்கவேண்டும்: 27^(−2/3) = 1/27^(2/3) = 1/9.

அடிமானம் குறை எண்ணானால்

மேற்கண்ட விதிகள் மிகை அடிமானத்துக்கே முழுமையாகப் பொருந்தும். −8-இன் கனமூலம் −2 என்பதால் (−8)^(1/3) = −2 எனலாம். ஆனால் 1/3-உம் 2/6-உம் சமம். அடுக்கை 2/6 என எழுதி, முதலில் வர்க்கமாக்கினால் 64. அதன் ஆறாம் மூலம் 2. ஒரே எண்ணுக்கு −2, 2 என இரு விடைகள் வருகின்றன. இம்முரண்பாட்டைத் தவிர்க்கவே மெய்யெண்களில் பின்ன அடுக்கை வரையறுக்கும்போது பொதுவாக அடிமானம் மிகை எண்ணாகக் கொள்ளப்படுகிறது.

பயன்பாடு

யோகான்னசு கெப்ளர் 1619-இல் வெளியிட்ட மூன்றாம் விதிப்படி, கோளின் சுற்றுக்காலத்தின் வர்க்கம் அதன் சராசரித் தொலைவின் கனத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். காலத்தை ஆண்டிலும் தொலைவை வானியல் அலகிலும் அளந்தால், காலம் = தொலைவு^(3/2). செவ்வாயின் தொலைவு 1.524, 1.524^(3/2) ≈ 1.88 ஆண்டுகள், அதாவது ஏறத்தாழ 687 நாள்கள்.

வரலாறு

√ குறியை 1525-இல் கிறித்தோப் ருடோல்ப் அச்சில் பயன்படுத்தினார். பின்ன அடுக்குக் கருத்து 14-ஆம் நூற்றாண்டில் நிக்கோல் ஒரேமிடம் காணப்படுகிறது. ஐசாக் நியூட்டன் 1676-இல் லைப்னிட்சுக்காக எழுதிய கடிதத்தில், மூலக்குறிகளுக்குப் பதில் பின்ன அடுக்குகளை எழுதி, ஈருறுப்புத் தேற்றத்தைப் பின்ன அடுக்குகளுக்கும் விரிவாக்கினார்.